நரம்பு போர்த்த வில்: பழுதும் செப்பனிடலும்
கலிபோர்ணியப் பழங்குடி மக்களின் கைவினை வரலாறு குறித்து ஒரு நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றத்தையும் பரவலையுமே ஆராய்கின்றனர். ஒரு கருவி பழுதுற்றபோது அது யாரால், எதைக் கொண்டு, எவ்வாறு செப்பனிடப்பட்டது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆயினும், ஒரு சமூகத்தின் உற்பத்தி வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாவே கூடுதலாக உதவும் என்பது எமது கருத்தாகும். புதிய கருவி ஒன்றை விலை கொடுத்தும் பெறலாம், கொள்ளையிட்டும் பெறலாம். பழுதுற்றதைச் செப்பனிட வேண்டுமாயின் மூலப்பொருளும், அதனைக் கையாளும் அறிவும், அவ்வறிவைக் கைமாற்றித் தரும் மனிதரும் ஒருங்கே இருத்தல் வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்ணியாவின் பழங்குடி மக்கள் செய்து பயன்படுத்திய நரம்பு போர்த்த மரவில்லை முன்வைத்து இதனை நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

வில்லொன்றை வளைக்கும்போது அதன் இரு பக்கங்களும் ஒரே வகையான விசைக்கு உட்படுவதில்லை. எய்பவனை நோக்கிய பக்கம் நெருக்கப்படுகின்றது. இலக்கை நோக்கிய பக்கம் இழுபடுகின்றது. முன்னதை வில்லின் வயிறு என்றும் பின்னதை முதுகு என்றும் கொள்வோம். மரம் தன் நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீண்டதும் கிழியத் தொடங்கிவிடும். ஆகவே, தனி மரத்தால் ஆன வில் முறியாதிருக்க வேண்டுமாயின் அது நீண்டதாக இருத்தல் வேண்டும். ஆனால், புதர்களுக்கிடையே பதுங்கிச் சென்று மானை மிக அண்மையில் எய்யும் வேடனுக்கு ஆளுயர வில் பெரும் தடையாகும். குறுகிய வில்லை ஆழமாக இழுக்க வேண்டும். மரமோ அதற்கு இடங்கொடாது. இம்முரண்பாட்டுக்குக் கலிபோர்ணிய வேடர் கண்ட தீர்வே நரம்புப் போர்வை. மானின் காலிலும் முதுகிலும் இருந்து எடுக்கப்படும் நரம்பு, மரத்தைவிடப் பன்மடங்கு நீண்டு மீளும் இயல்புடையது. அதனை முதுகின்மீது ஒட்டிவிட்டால் இழுவிசையை நரம்பு ஏற்றுக்கொள்கின்றது. நெருக்கு விசையை மட்டும் மரம் தாங்கினால் போதுமானது. ஜூனிப்பர், யூ ஆகிய மரங்கள் நெருக்கத்தை நன்கு தாங்குவன.

இங்கு நாம் நரம்பு என்பது உடற்கூற்றியலார் தசைநாண் என வழங்குவதையே. தசையை எலும்புடன் பிணைக்கும் இவ்விழைக்கு வில்லின் நாணிலிருந்து பெயர் சூட்டிய எம் மொழியின் கலைச்சொல்லாக்கம் பொருத்தமானதே.

நரம்பு மரத்திலும் பாரமானது. நீண்ட வில்லின் முதுகில் அதனைப் போர்த்துவதால் அதிக பயனில்லை. ஏறிய பாரம் அம்பின் வேகத்தைக் குறைக்கவும் கூடும். குறுகிய வில்லிலேயே அதன் சிறப்பு வெளிப்படுகின்றது. இதனைக் கருத்திற் கொள்ளாது வில் வகைகளை ‘வளர்ந்தது’, ‘வளராதது’ எனத் தரம்பிரித்த பழைய மானிடவியல் நோக்கு எத்துணைப் பிழையானது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வில்லின் செய்முறை பற்றி எமக்குக் கிடைக்கும் விரிவான சான்றுகளுள் முதன்மையானது, யாஹி இனத்தைச் சேர்ந்த இஷி என்பவரின் வேலையை அருகிருந்து கண்ட சத்திரசிகிச்சை மருத்துவர் சக்ஸ்ரன் போப் எழுதி, கலிபோர்ணியப் பல்கலைக்கழகம் 1918இல் வெளியிட்ட ‘யாஹி விற்கலை’ என்னும் ஆய்வாகும். அதன்படி, மலை ஜூனிப்பர் மரத்தை ஏறத்தாழ 42 அங்குல நீளத்துக்கு வெட்டித் தட்டையாகச் செதுக்கி, நுனிகளைச் சூடுகாட்டி வளைத்தபின், முதுகைச் சொரசொரப்பாக்குவர். மான்கால் நரம்பை வாயிலிட்டு மென்று நாடா நாடாவாகப் பிரிப்பர். சமன் மீனின் தோலைக் கொதிக்கவைத்து எடுத்த பசையை முதுகிற் பூசி, ஈரமான நரம்பு நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பேறும்படி படியவைத்து, மரப்பட்டை நாரால் இறுகச் சுற்றிக் காயவிடுவர். காயும்போது நரம்பு சுருங்கி, நாண் பூட்டாத வில்லை எதிர்த்திசைக்கு இழுத்து வளைக்கின்றது. வில்லின் வலிமையில் ஒரு பகுதி இவ்வாறு அது உலரும்போதே அதனுள் சேமிக்கப்படுகின்றது எனலாம்.

எமது ஆய்வுக்கு மையமாக அமைவது இப்பசையே. மீன்தோற் பசையும் விலங்குத்தோற் பசையும் நீரில் ஊறி, ஏறத்தாழ 40 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் இளகிவிடும். இன்றைய செயற்கைப் பசைகளோடு ஒப்பிட்டு இதனை ஒரு குறைபாடாகக் கருதுவோர் உளர். செப்பனிடல் என்ற கோணத்தில் நோக்கினால் இதுவே அதன் உயர்ந்த குணமாகும். பெயர்ந்த நரம்பை ஈரமாக்கி, இளஞ்சூட்டில் நெகிழ்த்தி, புதுப்பசை ஊட்டி, அழுத்திக் கட்டி, மீண்டும் காயவிடலாம். ஒட்டியதைப் பிரிக்க முடிவதனாலேயே அதனைத் திரும்ப ஒட்டவும் முடிகின்றது. எனவே, செப்பனிடல் என்பது இவ்வில்லுக்குப் பின்னர் நேரும் ஓர் இடர்க்காலச் செயலன்று. அதன் அமைப்பினுள்ளேயே முன்கூட்டி எண்ணப்பட்ட ஒன்று.

எனினும், எல்லாப் பழுதும் ஒரே தன்மையன அல்ல. முதுகில் நரம்பின் ஓரம் கிளம்பியிருப்பின் மேற்கூறிய முறை போதும். நாண் பூட்டும் குதை தேய்ந்திருப்பின் புது நரம்பைச் சுற்றி வலுப்படுத்தலாம். வயிற்றுப்புறத்தில், மர இழைகள் நெருக்குண்டு மடிந்த குறுக்குக் கோடுகள் தோன்றிவிட்டால் நிலைமை வேறு. மடிந்த இழை மீண்டும் நிமிராது. எத்துணை நரம்பைப் புதிதாக முதுகில் ஏற்றினாலும் அவ்விடமே மேலும் மடியும், ஏனெனில் முதுகின் வலிமை கூடும்தோறும் வயிற்றின் சுமையும் கூடுகின்றது. பழுதைக் கண்டவுடன் நரம்பை அடுக்க முற்படும் அனுபவமற்றவர் இதனாலேயே வில்லை இழக்கின்றனர். வெப்பத்திலும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 60 பாகையைக் கடந்தால் ஈர நரம்பின் இழைகள் சுருண்டு, அதன் பின்னர் எவ்வகையிலும் பழைய நிலைக்கு மீளா. நாட்பட்ட நரம்பு அதற்கு முன்னரே சுருண்டுவிடும். பசை இளகும் வெப்பத்துக்கும் நரம்பு கெடும் வெப்பத்துக்கும் இடைப்பட்ட அவ்வொடுங்கிய வெளியிலேயே செப்பனிடுவோன் தொழில்புரிய வேண்டியுள்ளது. வெப்பமானி இல்லாத உலகில் அதனை அளந்தது கைதான்.

செப்பனிட்ட பின்னரும் அவசரம் ஆகாது. உலர்வதற்கு வாரங்கள் வேண்டும். உள்ளே ஈரம் எஞ்சியிருக்க நாண் பூட்டினால் வில் தன் வளைவை இழந்துவிடும். நெடுங்காலம் நாண் பூட்டாது கிடந்த வில்லோ, எதிர்த்திசையில் வளைந்து இறுகியிருக்கும். அதனை ஒரே மூச்சில் வளைக்க முனைபவர் கையில் இரு துண்டுகளே எஞ்சும்.

நாண் பூட்டியபடியோ நிமிர்த்தியோ வைத்த வில் களைத்துப்போய் வியர்க்கும் என இஷி கூறியதாகப் போப் பதிவு செய்துள்ளார். இதனை வெறும் நம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. காற்றிலுள்ள ஈரத்தை நரம்பு உறிஞ்சும். ஓயாத இழுவையில் நெகிழும். களைப்பு, வியர்வை என்னும் சொற்கள் ஒரு பௌதிக உண்மையைத் தம் மொழியில் சரியாகவே கூறுகின்றன. பெண்கள் வில்லைத் தொடலாகாது என்றும் அவர் கூறினார். இவ்விதியை எந்தப் பௌதிக உண்மையைக் கொண்டும் நாம் விளக்க இயலாது. தொழிற்பிரிவினையில் ஆண்கள் தமக்கென வரைந்துகொண்ட எல்லை அது.

மான், சமன் மீன், ஜூனிப்பர், இவற்றை அறிந்த மனிதர் என்ற இத்தொடர்பு எவ்வாறு அறுந்தது என்பதை இனி நோக்குவோம். கலிபோர்ணியாவில் 1848இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து குடியேறிகள் பெருந்திரளாக உட்புகுந்தனர். பொன் அகழ்வோர் மலைகளை நீர்ப்பீச்சிகளால் அரித்த சேறு ஆறுகளை நிரப்பியது. சமன் மீன்கள் முட்டையிடும் படுகைகள் பாழாயின. மேய்ச்சல் மந்தைகள் மான்கள் வாழ்ந்த நிலங்களைக் கைப்பற்றின. இவற்றுக்கும் மேலாக மனிதரே வேட்டையாடப்பட்டனர். 1846இல் ஏறத்தாழ 150,000 ஆக இருந்த பழங்குடி மக்களின் தொகை 1873 அளவில் ஏறத்தாழ 30,000 ஆகச் சுருங்கியது என வரலாற்றாசிரியர் பெஞ்சமின் மட்லி 2016இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டு, நோயும் பசியும் மட்டுமன்றித் திட்டமிட்ட கொலைகளும் இதற்குக் காரணமாயின என்பதை நிறுவியுள்ளார். அக்கொலைப் படைகளின் செலவை மாநில அரசும் மத்திய அரசும் ஏற்றன. நடந்தது இன அழிப்பே என மாநில ஆளுநர் ஒருவர் ஏற்று மன்னிப்புக் கோரியது 2019இல் தான்.

லாசன் மலையின் அடிவாரத்தில், மில் கிறீக், டியர் கிறீக் என்னும் ஓடைகளை அண்டி வாழ்ந்த யாஹி மக்கள் 1860களிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் நிகழ்ந்த படுகொலைகளில் ஏறக்குறைய முற்றாக அழிக்கப்பட்டனர். எஞ்சிய ஒரு சிலர் நாற்பதாண்டுகளாக மறைந்து வாழ்ந்தனர். 1908இல், நீர்மின் திட்டம் ஒன்றிற்காக நிலமளக்க வந்த குழுவினர் அவர்களது மறைவிடத்தைக் கண்டனர். அங்கு நால்வரே இருந்தனர். நடக்க இயலாத ஒரு முதிய பெண்ணைத் தவிர ஏனையோர் தப்பியோடினர். வந்தவர்கள் அங்கிருந்த விற்கள், அம்புகள், தோற்போர்வைகள், கூடைகள், கருவிகள் அனைத்தையும் நினைவுப்பொருட்களாக எடுத்துச் சென்றுவிட்டனர். யாரையும் அவர்கள் சுடவில்லை என்பது உண்மையே. ஆனால், குளிர்காலத்தை எதிர்நோக்கியிருந்த நால்வரின் உற்பத்திச் சாதனங்கள் முழுவதையும் எடுத்துச்செல்வது வேறெந்த விளைவைத் தந்திருக்கும்? அந்நால்வருள் ஒருவரே 1911 ஆகஸ்டில் ஓரோவில் நகர்ப்புறத்தில் பசியால் மெலிந்த நிலையில் தனியராகக் காணப்பட்டார்.

அவரைப் பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த தமது நூதனசாலைக்கு அழைத்துச் சென்றனர். தம் பெயரை அந்நியருக்குக் கூறுதல் அவர் மரபன்று. ஆகவே, அவரது மொழியில் மனிதன் எனப் பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லையே அல்பிரட் குரோபர் அவருக்குப் பெயராக்கினார். நூதனசாலையில் சிறு ஊதியத்துக்குப் பராமரிப்பு வேலை செய்தவாறே, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் முன்னிலையில் வில்லும் அம்பும் செய்து காட்டினார். அங்கு அவர் கையாண்டவை இரும்பு அரமும் கத்தியும். அவ்விற்களை ‘கற்கால மனிதனின்’ தூய படைப்புகளாகக் கண்டு வியந்தோர் இதனைக் கவனிக்கவில்லை. உற்பத்திச் சூழல் மாறியதும் தம் தொழில்முறையைத் தயக்கமின்றி மாற்றிக்கொண்ட ஒரு தேர்ந்த கைவினைஞரையே நாம் இங்கு காண்கின்றோம்.

போப் அவரிடம் விற்கலை பயின்றார். அவர் எழுத்தில் இஷி மீதான உண்மையான அன்பு தெரிகின்றது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவரது ஆய்வுமுறை வினாவுக்குரியது. 1923இல் வெளியிட்ட ‘விற்களும் அம்புகளும்’ பற்றிய ஆய்வுக்காக, நூதனசாலையிற் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பல இன மக்களின் விற்களை நாண் பூட்டி எய்து, அம்பு சென்ற தூரத்தை அளந்து அட்டவணைப்படுத்தினார். அவற்றோடு ஒப்பிடப்பட்டவற்றுள், 1545இல் மூழ்கிய ‘மேரி றோஸ்’ என்னும் ஆங்கிலக் கப்பலிலிருந்து கிடைத்த வில்லின் மாதிரியில் புதிதாகச் செதுக்கப்பட்ட யூ மர வில்லும் ஒன்று. ஆண்டுக்கணக்காகத் தட்டிலே உலர்ந்து கிடந்த நரம்பையும் நேற்றுச் செதுக்கிய மரத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமான ஒப்பீடாகுமா? ஒரு மக்கட் கூட்டத்தின் வில்லைப் பேணிச் செப்பனிடும் வழக்கத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, பின்னர் அவ்வில் வலுக்குன்றியதெனக் குறித்துவைப்பதில் எமக்கு உடன்பாடில்லை. ஐரோப்பியரல்லாதாரின் தொழில்நுட்பம் பற்றிய எத்தனையோ அளவீடுகளில் இதே குறை மறைந்துள்ளது.

அமெரிக்காவில் வில் வேட்டை ஒரு விளையாட்டாக மறுமலர்ச்சி பெற்றதற்குப் போப்பின் எழுத்துகள் பெருங் காரணமாயின. 1961இல் நிறுவப்பட்ட வில்வேட்டைச் சங்கம் அவர் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் தாங்குகின்றது. ஆசிரியரின் பெயர் அதில் இல்லை.

இஷி 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். அவரது உடலோடு ஒரு வில்லும் ஐந்து அம்புகளும், ஓக் விதை மாவும் புகையிலையும் சேர்த்து எரியூட்டப்பட்டன. ஆனால் அதற்கு முன், அவரது மரபுக்கு மாறாக உடல் அறுத்தாராயப்பட்டு, மூளை தனியே எடுக்கப்பட்டிருந்தது. 1917இல் அதனைக் குரோபர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார். 2000இல் தான் அது றெடிங், பிற் றிவர் பழங்குடி மக்களிடம் திருப்பியளிக்கப்பட்டது. பேக்ளியிலுள்ள பல்கலைக்கழகக் கட்டடத்திலிருந்து குரோபரின் பெயர் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அவ்வில்லைப் பொறுத்தவரை, தன்னைச் செய்தவருடனேயே முடிவெய்திய அதன் கதி, தட்டுகளிற் கிடக்கும் ஏனையவற்றின் கதியிலும் மேலானதென்றே எமக்குத் தோன்றுகின்றது.

‘கடைசி மனிதன்’ என்ற பட்டம் இஷிக்குச் சூட்டப்பட்டது. இலங்கை வாசகருக்கு இத்தகைய பேச்சு புதிதன்று. இஷி வெளிப்பட்ட அதே 1911இல் செலிக்மன் தம்பதியினரின் ‘வேடர்’ பற்றிய நூல் வெளிவந்தது. மறைந்துபோகும் இனம் என்றே அன்றுதொட்டு வேடர் பேசப்பட்டு வருகின்றனர். ‘கடைசி’ எனச் சொல்லிவிட்டால் அவரது பொருட்களுக்கு உரியவர் எவருமிலர் என்றாகிவிடுகின்றது. 1990களில் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷக்லி, இஷி செதுக்கிய அம்பு முனைகள் அயலிலுள்ள வின்டு, நொம்லாக்கி மக்களின் பாணியை ஒத்தவை எனக் காட்டினார். யாஹிகள் தனித்த தீவாக வாழவில்லை. அயலாரோடு கலந்தே வாழ்ந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று. வடமேற்குக் கலிபோர்ணியாவில் ஹூப்பா, யுறொக், கறுக் மக்கள் இன்றும் தம் நிலத்தில் வாழ்கின்றனர். யூ மரத்தில் செய்து, நரம்பு போர்த்து, முதுகில் வண்ணந்தீட்டிய அவர்களது தட்டை விற்கள் நரம்பு வில் மரபின் சிறந்த படைப்புகளாகும்.

1990இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் மூதாதையரின் எச்சங்களையும் புனிதப் பொருட்களையும் பழங்குடி மக்கள் மீளக் கோருவதற்கு வழிசெய்தது. 2010இல் ஸ்மித்சோனியன் 217 பொருட்களை யுறொக் மக்களிடம் கையளித்தது. இம்மக்களின் நோக்கில், திரும்பிவந்த சடங்குப் பொருள் பார்த்திருப்பதற்கு உரியதன்று. அது மீண்டும் ஆடலுக்குச் செல்ல வேண்டும், தேய வேண்டும், செப்பனிடப்பட வேண்டும். ஆனால் நூதனசாலைகள் பல ஆண்டுகளாகத் தோலையும் இறகையும் நரம்பையும் தின்னும் வண்டுகளைத் தடுக்கும் பொருட்டு அவற்றின்மீது ஆர்செனிக்கையும் இரசச் சேர்வைகளையும், பிற்காலத்தில் டி.டி.ரி.யையும் இட்டு வந்தன. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி நூதனசாலை 1990களில் ஹூப்பா மக்களுக்குத் திருப்பியளித்த 17 பொருட்களைச் சோதித்தபோது அவற்றில் இரசமும் பூச்சிகொல்லிகளும் இருந்தமை தெரியவந்தது. நரம்பு வில்லைச் செப்பனிடும் முறையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பழைய நரம்பை ஈரமாக்க வேண்டும். கையால் நீவ வேண்டும். சூடுகாட்டி ஆவியில் நெகிழ்த்த வேண்டும். நஞ்சூட்டப்பட்ட பொருளில் இவை ஒவ்வொன்றும் ஆபத்தான செயல்களே. பொருளைக் காத்த அதே நஞ்சு, செப்பனிடும் கையை அப்பொருளிலிருந்து விலக்கிவிட்டது.

ஆகவே, பழுதுற்ற பழைய வில் ஒன்றைச் செப்பனிடலாமா என்ற வினாவுக்குப் பொதுவான ஒரே விடை கிடையாது. அண்மையிற் செய்யப்பட்டு, செய்தவரோ அவர் வழிவந்தவரோ கையில் வைத்துள்ள வில்லாயின், அதனைப் பிரித்து ஒட்டி மீண்டும் எய்யும் நிலைக்குக் கொணர்வதே அம்மரபுக்கு இசைவானது. நூற்றாண்டு கடந்து நூதனசாலையில் உள்ள வில்லாயின், பெயரும் நரம்பை இருந்த இடத்தில் நிறுத்துவதற்கு மேல் எதுவும் செய்யலாகாது. நாண் பூட்டவே கூடாது. அதில் எஞ்சியுள்ள பழைய பசையும் நரம்பை அடுக்கிய முறையும் அடுத்த தலைமுறை விற்கலைஞர் கற்க வேண்டிய ஏடுகள். புதுப்பசை ஊற்றினால் அவ்வேடு அழிந்துவிடும். உரிய மக்களிடம் திரும்பிச்சென்ற வில்லைப் பற்றியோ முடிவுகூற வேண்டியவர் நாமல்லர். பேணுகைத் துறையாளரும் அல்லர். அதனை அவர்கள் செப்பனிட்டாலும், எய்தாலும், மண்ணோடு மண்ணாக விட்டாலும் அது அவர்களது உரிமை.

அவ்வுரிமையைப் பயன்படுத்தும் பொருள்வசதி எவரிடம் உள்ளது என்பதே இன்றைய நடைமுறைச் சிக்கல். தாம் இட்டதாக அறிந்த நஞ்சுகளைப் பற்றித் திருப்பியளிக்கும்போது தெரிவிக்க வேண்டும் என்றே விதிகள் நூதனசாலைகளைக் கட்டாயப்படுத்துகின்றன. நஞ்சிட்ட பலவற்றிற்குப் பதிவேடுகளே எழுதப்படவில்லை. பொருளைச் சோதிக்கவோ தூய்மைப்படுத்தவோ வேண்டுமென அவ்விதிகள் நூதனசாலைகளைக் கட்டாயப்படுத்தவில்லை. அச்செலவு பெரும்பாலும் பொருளைப் பெறுவோர் தலையிலேயே விழுகின்றது.